மெஸ் கணக்கும் மாடி அறைகளும்

வணக்கம் நேயர்களே. நான் வணிகவியல் ஆசிரியை. மதுரையில் ஒரு மகளிர் கல்லூரி விடுதியில் வார்டனாகவும் இருந்தவள்.

எங்கள் விடுதியில் டிவைடிங் மெஸ், அதாவது மாதச் சாப்பாட்டுச் செலவை அவரவர் சாப்பிட்ட நாள் கணக்கில் பங்கு போட்டுக் கட்டும் முறை. மாதச் செலவு ஆறு லட்சம், எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்ட நாள்களைக் கூட்டினால் ஐயாயிரம் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 120 ரூபாய். ஆறு நாள் ஊருக்குப் போனவள் மீதி 24 நாளுக்கு 2,880 கட்டினால் போதும். சுலபம்தான். சிக்கல் தீபாவளி மாதத்தில் வரும். பாதி விடுதி காலியாகிவிடும். சமையல்காரம்மாவின் சம்பளமோ குறையாது. நாள் கணக்கு 120லிருந்து எகிறும். "நான் எங்கேயும் போகலையே மேடம், எனக்கு எதுக்கு ஜாஸ்தி?" என்று ஒருத்தி நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்பாள். நிலையான செலவு, மாறும் செலவு என்று வகுப்பில் தொண்டை வறளச் சொன்னது அங்கேதான் அவளுக்குப் பிடிபடும். அதை விளக்குவதும் நான் இல்லை, மெஸ் கமிட்டிச் செயலாளர். அந்த வருடம் அவள் தமிழ் இலக்கிய மாணவி! மாட்டுத்தாவணிக்குப் போய் காய் விலை கேட்டு வந்தவள், அதனால் பதில் கையிலேயே இருந்தது.

மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948இலும் பாத்திமா கல்லூரி 1953இலும் தொடங்கின. விடுதி இல்லையென்றால் கமுதி, போடிப் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேரை வீட்டில் அனுப்பியிருப்பார்கள்? ஆனாலும் தங்கவும் சாப்பிடவும் ஓர் இடம் என்ற அளவிலேயே விடுதியைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

சேர்ந்து தங்கி, சேர்ந்து படிப்பது அமெரிக்காவில் பழைய யோசனை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1927இல் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் தொடங்கிய பரிசோதனைக் கல்லூரியில் மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கி ஒரே பாடத்திட்டத்தைப் படித்தார்கள். ஆண்களுக்கு மட்டும், 1932இல் மூடியும்விட்டார்கள். யோசனை மட்டும் நிலைத்துவிட்டது.

நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம், அறை ஒதுக்கும்போது கொஞ்சம் யோசித்தால் போதும். தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவளுக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகம்தான் பயம். அதே துறை சீனியர் அதே மாடியில் இருந்தால் ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கதவைத் தட்டலாம். ஒரே அறையில் போடாதீர்கள். துணி துவைக்கச் சொல்லும் சீனியரும் உண்டு. ஒரே ஊர்க்காரிகளை ஒரே அறையில் அடைப்பதும் எனக்குப் பிடிக்காது. முதல் வாரம் அழுகை குறையும், சரி. அப்புறம் மூன்று வருடமும் அந்த நாலு பேர்தான்.

இன்னொன்று, நூலகம். ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பாதுகாப்பின் பேரில் பெண்கள் விடுதிக்கு மட்டும் வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை உள்ளே விட்டுப் பூட்டும் விடுதிகள் நூலகத்தையாவது விடுதிக்குள் கொண்டுவரட்டும். பழைய வினாத்தாள் கட்டு, நாலு மேசை, கரண்ட் போனாலும் எரியும் விளக்கு, இதிலிருந்து தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.