அப்பத்தாவின் இறுதிச் சடங்கு ரசீதும் 4,320 ரூபாயும்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி வீட்டு முகப்பில் அமர்ந்து பேசுகிறேன். மளிகைச் சீட்டைக்கூட வரி வரியாகப் படிப்பவள் நான் என்பது பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று என் கையில் இருப்பது எங்கள் அப்பத்தாவை வழியனுப்பிய செலவின் ரசீது.

இதில் மூன்றே வரிகள் இருக்கின்றன. ‘இறுதிச் சடங்கு ஏற்பாடு முழுவதும் 24,000. ஜிஎஸ்டி 18 விழுக்காடு 4,320. மொத்தம் 28,320.’ இரண்டாவது வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலை ஊர்தியில் கொண்டு செல்வது ஆகிய சேவைகளை 2017 ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் வைத்து, வரி வரம்புக்கே வெளியே நிறுத்தியிருக்கிறது. ரசீதில் ஜிஎஸ்டி பதிவு எண்ணும் இல்லை என்பதை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன்.

“சாவு வீட்டில் கணக்குப் பார்க்காதே ஆத்தா” என்றார் சித்தப்பா. அந்தக் கூச்சத்தை நான் அறவே வெறுக்கிறேன். உப்பு, புளிக்கும் கணக்கெழுதி மாதக் கடைசியில் ஐந்தொகை போட்டவர் அப்பத்தா. நூலால் பென்சில் கட்டிய அவருடைய நோட்டு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. அவர் பெயரில் வந்த ரசீதை நான் எப்படிக் கேள்வி கேட்காமல் விடுவேன்?

சடங்குக்கு ஏற்பாடு செய்த கடைக்காரரிடம் ரசீதைப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டேன். ஃப்ரீசர் பெட்டிக்கு மூன்று நாள் வாடகை 9,000, அமரர் ஊர்திக்கு 6,000, ஆள்கூலி 9,000 என்று எழுதி வந்தது. பெட்டி செவ்வாய் மாலை நான்கு மணிக்கு வளவுக்குள் வந்தது. புதன் மாலை ஆறு மணிக்குத் திரும்பிப் போனது. மலேசியாவிலிருந்து பங்காளிகள் வந்து சேரும்வரை சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு நேரம் துல்லியமாகத் தெரியும். இருபத்தாறு மணி நேரம் எப்படி மூன்று நாளாகும்?

நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னேன். அமெரிக்காவில் 1984 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி வணிக ஆணைய விதிப்படி, இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்கள் நேரில் சென்று விசாரிப்பவர் கையில் இனவாரியான விலைப்பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். சவப்பெட்டியை வேறிடத்தில் வாங்கி வந்தால் மறுக்கவோ அதற்காகத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது. நமக்குக் கைகொடுப்பது 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக்கு ரசீது தர மறுப்பதையே அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, எங்களுக்கு அது சிவகங்கை, இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. அப்பத்தா வீட்டிலேயே கண்மூடியதால் எங்களுக்கு அது பொருந்தவில்லை.

மூன்றாம் அட்டவணையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போய் மேசையில் வைத்தேன். கடைக்காரர் இரண்டு முறை படித்தார், யாருக்கோ தொலைபேசியில் பேசினார், பிறகு 4,320 ரூபாயை அங்கேயே என் கணக்குக்கு அனுப்பினார். கைப்பேசியில் அந்தத் தொகை வந்து விழுந்த ஒலி எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது. பெட்டிக்குக் கூடுதலாக வாங்கிய ஒரு நாள் வாடகை 3,000 மட்டும் இன்னும் வரவில்லை. பெட்டியைக் கழுவிக் காயவைத்த நாளும் கணக்கில் சேரும் என்கிறார். அதை நான் ஏற்கவில்லை. பதினைந்து நாள் கெடு வைத்து நேற்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.