பாறை வந்துட்டுன்னு துள்ளாதீங்க! வீடு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே! சாயில் டெஸ்ட்டுக்குத் துளை போடுற மெஷின் 'டங்'குன்னு நின்னுட்டு. "பாறை வந்தாச்சு, இனி அஞ்சு மாடி கூட ஏத்தலாம்"னு பக்கத்துல ஒரு ஆள் சொல்லுதாரு. அதை நம்பி அஸ்திவாரம் போடலாமா? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இது ரொம்ப முக்கியமான கேள்வி.

அடிப்படையைச் சட்டுன்னு முடிச்சிருதேன். கட்டப்போற இடத்துல துளை போட்டு, ஆழம் போகப்போக மண்ணை எடுத்துப் பாக்கது தான் சாயில் டெஸ்ட். ஒரு ஏக்கர் இடம்னா நாலு மூலையிலயும் நடுவுலயும் ஒவ்வொரு துளை. சின்ன வீட்டுக்கு நடுவுல ஒண்ணே போதும்னு 1979-ல வந்த ஐ.எஸ். 1892-ங்கிற இந்தியத் தர விதி சொல்லிச்சு.

[திரையில்: முக்காலி, கயிறு, விழுகிற எடை]

துளைக்குள்ள ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து அதுமேல விடுதாங்க. அதென்ன கணக்கு 63.5? அமெரிக்காக்காரங்க 140 பவுண்டுன்னு வச்சாங்க, நாம கிலோவுக்கு மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான்! முதல் 15 சென்டிமீட்டர் கணக்குல வராது, அங்க மண் கலைஞ்சு கிடக்கும். அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எடையை எத்தனை தடவை விடணுமோ அதுதான் 'N வேல்யூ', மண்ணு எவ்வளவு இறுக்கம்னு காட்டுற எண். மணல்ல அது 4-க்குக் கீழன்னா பொலபொலப்பு, 50-க்கு மேலன்னா செம இறுக்கம். எண்ணுறவரு நடுவுல போன் பேசுனா உங்க வீட்டு விதி மாறிரும், பக்கத்துலயே நில்லுங்க.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வாறேன். நம்ம மலைகள்ல உருண்டை உருண்டையா பாறை நிக்குதே, யாரு உருட்டி வச்சது? யாருமில்ல. சார்னக்கைட்டுங்கிற கெட்டிப் பாறை மாதிரிப் பாறையில குறுக்கும் நெடுக்குமா வெடிப்பு இருக்கும். அது வழியா மழைத்தண்ணி இறங்கி, பாறையைக் கொஞ்சங்கொஞ்சமா மக்க வைக்கும். ஒவ்வொரு கட்டியிலயும் மூலையை மூணு பக்கம் இருந்து தாக்குது, விளிம்பை ரெண்டு பக்கம், நடுவை ஒரே பக்கம். அதனால மூலை முதல்ல கரையும், மிச்சம் உருண்டையாகும்! எல்லாம் மண்ணுக்கு அடியிலயே நடக்கும். மேல்மண்ணு அரிச்சுப் போனதுதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது. அரிக்காத உருண்டை இன்னும் எத்தனை உள்ளே கிடக்கோ!

சக்கைப்பழத்துல, அதான் பலாப்பழத்துல, கம்பியைக் குத்துங்க. கொட்டையில முட்டி நிக்கும். அடி வந்துட்டுன்னு நினைச்சா ஏமாந்தீங்க, அதுக்குக் கீழயும் சுளைதான். நம்ம மண்ணும் அப்படித்தான். ஒரு தூண் உருண்டை மேல, அடுத்த தூண் அதுக்குப் பக்கத்து மண்ணு மேலன்னா, ஒண்ணு அசையாது, மத்தது இறங்கும், சுவரு வெடிக்கும்.

அதனால முட்டுனதும் நிறுத்தக்கூடாது. வைரம் பதிச்ச துளைமுனை (வைர பிட்) போட்டு இன்னும் ஒரு 3 மீட்டராவது பாறையைக் குடையச் சொல்லுங்க. உருளை உருளையா கல்லு வரும், பெட்டியில வரிசையா அடுக்குவாங்க. 10 சென்டிமீட்டருக்கு மேல நீளமான துண்டுகளை மட்டும் கூட்டி, குடைஞ்ச நீளத்தால வகுத்தா அதுதான் ஆர்.க்யூ.டி. (ராக் குவாலிட்டி டெசிக்னேஷன்), பாறையோட தரத்துக்கு மார்க்கு. 90 சதவீதத்துக்கு மேலன்னா முதல் ரேங்க். நடுவுல திரும்ப மண்ணு வந்தா? முட்டுனது வெறும் கொட்டை! அந்தக் கல்பெட்டியை நேர்ல போய்ப் பாக்கதுல ஒரு தனி சுகம் இருக்கு மக்களே.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் இடத்துல வெட்டுக்கல் (செம்பாறாங்கல்) இருக்கிறவங்களுக்கு ஒரு வரி: மேல கெட்டி, கீழ வெளுத்த களிமண் இருக்கலாம், மேல்தட்டை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. வயலை நிரப்பி பிளாட் போட்ட இடம்னா, நிரப்புன மண்ணைத் தாண்டி அடிவயல் வரைக்கும் துளை போகணும். மணவாளக்குறிச்சி கருமணலைப் பத்தி கேக்காதீங்க, அது தனி வீடியோ!

கடைசியா நிலத்தடித் தண்ணி மட்டம். ரிப்போர்ட்ல அளந்த தேதி இருக்கான்னு பாருங்க. நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. ஏப்ரல்ல அளந்த மட்டத்தை வச்சு ஐப்பசியில குழி தோண்டுனா மோட்டார் வாடகை கட்டியே ஓஞ்சிருவீங்க. உங்க ஊர்ல கிணறு வெட்டும்போது எத்தனை அடியில பாறை முட்டுச்சு? ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க.