அடிப்பதா, இழுப்பதா?

வணக்கம் நேயர்களே. தாராவியில், தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் முனையில், மருந்துக்கடையில் 31 ஆண்டுகள் நின்றவன் நான். மருத்துவன் அல்லன், மருந்தாளுநன். நோயைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மும்பையில் எத்தனையோ பேர். வாங்கிய மருந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன பாடு படுகிறது என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மூச்சிரைப்புக்காரர்கள் மூச்சோடு எடுக்கும் மருந்துக் கருவியை இன்ஹேலர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "அண்ணாச்சி, ஒரு பம்ப் கொடுங்கள்" என்பார்கள். அதில் எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கெல்லாம் அதற்கு அடுத்து வருகிற சொல்லோடுதான். "காலையில் இரண்டு அடித்தேன், ராத்திரி இரண்டு அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை." அடிப்பதாம்! கொசு மருந்தா அது?

பம்ப் பிறந்த வம்சம் அப்படி. 1955இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத் தலைவருக்கு 13 வயதில் ஒரு மகள், ஆஸ்துமாக்காரி. கண்ணாடிக் குழாயும் ரப்பர் உருண்டையுமாகப் பிசைந்து பிசைந்து மருந்தை உள்ளே வாங்கிய காலம். தலைமுடிக்குத் தெளிக்கிற ஸ்பிரே போல என் மருந்தையும் ஏன் செய்யக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். சென்ட் புட்டிக்கு வைக்கிற, ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரே அளவு விடும் வால்வையே எடுத்துப் பொருத்தி, மறு ஆண்டே, 1956இல், கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சென்ட்டுக்குப் பங்காளி, அதனால் அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் சென்ட் சட்டைக்குப் போவது, இது நெஞ்சுக்குள் போவது. மருந்தை உள்ளே கொண்டுபோகும் வண்டி உங்கள் மூச்சு. அதனால் அடித்தேன் என்று சொல்லாதீர்கள், இழுத்தேன் என்று சொல்லுங்கள். இழுப்பு நோய்க்கு இழுப்புதான் மருந்து.

ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். முறுக்கு சுட்டு விற்றவர். சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறை, அதற்குள்ளேயே அடுப்பு, பழைய பெட்டிப் பலகைதான் விறகு. இருபது முப்பது வருடம் அந்தப் புகையைக் குடித்தவர். மூச்சிரைப்பு என்று போனதற்கு சிஓபிடி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். என்னிடம் வந்து சண்டை: "பீடியைக் கையால் தொடாத எனக்கு எதற்கய்யா பீடிக்காரன் வியாதி?" நியாயமான கேள்விதான். ஆனால் புகை எந்த வாயிலிருந்து வந்தது என்று நுரையீரல் பார்ப்பதில்லை. விறகடுப்பு, கரியடுப்பு, சாணி வறட்டி எல்லாம் அதற்கு ஒன்றுதான். முன்பு டிபி வந்து குணமானவர்களுக்கும் நெஞ்சில் வடு நின்று இப்படி ஆவதுண்டு.

அந்த ஆச்சி ஒரே மாதத்துக்குள் மூன்றாவது பம்ப் கேட்டு வந்து நின்றார். புட்டியில் 200 முறைக்கான மருந்து இருக்கிறது. சீட்டில் ஒரு நாளைக்கு நான்கு என்று போட்டிருந்தது. அப்படியானால் 50 நாள் வர வேண்டும். முந்தைய இரண்டையும் விற்றவன் நானே. அதுவரை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்: "ஆச்சி, எங்கே, எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள்."

சுருக்குப்பையிலிருந்து எடுத்தார். குலுக்கவில்லை. பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்தார். ட்ஸ், ட்ஸ் என்று இரண்டு அமுக்கு. வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். வெள்ளைப் புகை மூக்கின் இரண்டு துளையிலும் வெளியே வந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் போயிற்று, சாம்பிராணி போட்டதுபோல. இவரோ எச்சிலை விழுங்கிவிட்டு, "கசக்கிறது, இறங்கிவிட்டது" என்றார். மூச்சை உள்ளே இழுக்கவே இல்லை! நாக்கில் கசந்தது நாக்கோடு நின்ற மருந்து.

"யாரும் சொல்லித் தரவில்லையா?"

"சொன்னார்கள், இந்தியில். நானும் தலையை ஆட்டினேன்."

நாம் எல்லாரும் அந்தத் தலையை ஆட்டியவர்கள்தாமே.

இனி முறையைச் சொல்கிறேன். பம்ப் வைத்திருப்பவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அமுக்க வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்கள். மூடியைக் கழற்றி வாய்ப்பக்கம் உள்ளே பாருங்கள். சிரிக்காதீர்கள், மூடியில்லாமல் சட்டைப்பையில் போட்டு வந்த ஒருவருடைய பம்புக்குள்ளிருந்து நான் பாக்குத் துண்டு எடுத்திருக்கிறேன். நன்றாகக் குலுக்குங்கள். இப்போது மூச்சை முழுவதுமாக வெளியே விடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். காலையில் குழாயடியில் நிறைந்த குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிப்பீர்களா? கவிழ்த்துவிட்டுத்தானே பிடிப்பீர்கள். நெஞ்சையும் முதலில் கவிழ்க்க வேண்டும்.

பிறகு உதட்டால் இறுகக் கவ்வி, வாய்வழியாக மெதுவாக இழுக்கத் தொடங்குங்கள். தொடங்கிய அந்த நொடியில் ஒருமுறை அமுக்கி, நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போங்கள், நான்கைந்து நொடி. மாட்டுங்காவில் பூக்கடை வரிசையைக் கடக்கும்போது மூச்சு தானாக நீளுமே, அந்த நிதானம். மூக்கால் அல்ல, வாயால். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, மெல்ல விடுங்கள். இரண்டாவது வேண்டுமென்றால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. பிராணாயாமம் பழகியவர்களுக்கு ரேசகம், பூரகம், கும்பகம் என்றால் போதும். வெளியே, உள்ளே, நிறுத்து.

மெதுவாக என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? மருந்து ஏற்கெனவே வேகமாகப் பாய்ந்து வருகிறது. நீங்களும் வெடுக்கென்று இழுத்தால் தொண்டைச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும்.

இங்கேதான் அடுத்த குழப்பம். கேப்ஸ்யூல் என்கிற மாத்திரைக் குப்பி போட்டு இழுக்கிற கருவி ஒன்று உண்டு, ரோட்டாஹேலர் போல. அதற்குச் சட்டமே தலைகீழ். அதில் தள்ளிவிடக் காற்று இல்லை, உள்ளே இருப்பது வெறும் தூள். உங்கள் மூச்சுதான் அதைக் கிளப்ப வேண்டும். கெட்டியான ஃபலூடாவைக் குழலில் உறிஞ்சுவதுபோல வேகமாக, பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்புக்கு மெதுவாக, தூளுக்கு வேகமாக. மறுபடி சொல்கிறேன், பம்புக்கு மெதுவாக, தூளுக்கு வேகமாக. இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறவர்கள் நிறைய.

தூள் கருவிக்குள் மூச்சை விடாதீர்கள், ஈரம் பட்டுக் கட்டியாகும். ஜூலை மாதத்தில் நம் ஊரில் உப்பு ஜாடி என்ன ஆகிறதென்று உங்களுக்கே தெரியும். குப்பியை எடுத்தவுடன் புட்டியை மூடுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். தொடுவது இருக்கட்டும், ஒருவர் அந்தக் குப்பியை மூன்று மாதம் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். "நல்ல மருந்து அண்ணாச்சி, வயிற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை" என்று பாராட்டு வேறு.

"பம்ப் பழகிவிடும், மாத்திரையே கொடுங்கள்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். பம்பில் ஒருமுறைக்கு 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் 40 அடி. பாருங்கள், நானே அடி என்கிறேன். அந்த மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது, அதனால்தான் கை நடுக்கம், படபடப்பு. பம்பைக் கடைசிக்கட்ட மருந்து என்று பயப்படுவதில் பொருளே இல்லை.

கையும் மூச்சும் ஒத்துவராத பெரியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை உண்டு. மருந்து அதற்குள் ஒரு கணம் தங்கும், நீங்கள் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், திடீர் ஆஸ்துமாவோடு வந்த குழந்தைகளுக்கு, 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியில் துளை போட்டு பம்பைச் செருகிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைக் குடுவைக்குச் சமமாக வேலை செய்தது என்று 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நீங்களாகக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆச்சிக்கு ஸ்பேசர்தான் சரிப்பட்டது. அடுத்த பம்ப் வாங்க அவர் ஏழு வாரம் கழித்து வந்தார், எங்கள் கடைக்கு நஷ்டம். நோய் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், சிஓபிடி போகிற நோயன்று. சயான் ரயில் நிலையப் பாலத்தில் இரண்டு முறை நின்று ஏறுபவர், ஒருமுறை நின்று ஏறுகிறேன் என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். மூச்சுப் பயிற்சி பற்றிக் குறித்து வைத்திருந்தது போயிற்று. சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் பிடிக்கும். பம்ப் தீர்ந்ததா என்று குலுக்கிப் பார்க்காதீர்கள், தண்ணீரில் மிதக்கவிட்டும் பார்க்காதீர்கள், மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும். வாங்கிய தேதியைப் புட்டியில் எழுதி வையுங்கள், எண் காட்டும் பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே உலர விடுங்கள், துணியால் துடைக்காதீர்கள். ஏன் துடைக்கக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, ஆனால் விரலையும் மடக்கிவிட்டார்கள். வணக்கம்.