டோனர் எப்படி மலிவானது?

நேயர்களுக்கு வணக்கம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் இடதுசாரிக் கட்சி ஒரு கோரிக்கை வைத்தது. துருக்கிய இறைச்சிப் பண்டமான டோனர் கபாபின் விலைக்கு அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டும். 4 யூரோ 90 சென்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இளைஞர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் 2 யூரோ 90 சென்ட் போதும் என்றது. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் விஷயம் கேலியோடு நிற்கவில்லை. அப்போது சான்சலராக இருந்த ஓலாஃப் ஷோல்ஸிடம் இளைஞர்கள் டோனர் விலையைக் கேட்டுத் துளைத்தார்கள். கூலியும் மின்கட்டணமும் ஏறியதால்தான் விலை ஏறியது என்று அரசே சமூக ஊடகத்தில் விளக்கம் எழுத வேண்டிவந்தது.

விலை ஏன் ஏறியது என்று நாடே கேட்டது. இத்தனை காலம் அது எப்படி அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு. இன்று நான் எடுத்துக்கொள்வது அந்த இரண்டாவது கேள்வியை.

சென்னையிலும் கோவையிலும் ஷவர்மா சுழலும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். டோனர் அதற்கு மூத்த உறவு. மசாலாவில் ஊறிய இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, கம்பியை நிமிர்த்தி நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து தீ காட்டுவார்கள். வெந்த மேற்பரப்பை மட்டும் நீண்ட கத்தியால் மெல்லியதாகச் சீவுவார்கள். சீவச் சீவ உள்ளே இருந்தது வெளியே வந்து வேகும். மேலே இருக்கும் கொழுப்பு உருகிக் கீழுள்ள துண்டுகளை நனைத்துக்கொண்டே இறங்கும். துருக்கியின் பூர்சா நகரில் இஸ்கந்தர் குடும்பத்தார், தங்கள் முன்னோர்தான் 19ஆம் நூற்றாண்டில் கம்பியை நிமிர்த்தியவர் என்கிறார்கள். 1855இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இஸ்தான்புலில் எடுத்த புகைப்படத்தில் ஏற்கெனவே ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கிறது! உணவில் 'முதலில் செய்தவர் யார்' என்ற வழக்கு எந்த ஊரிலும் தீர்ந்ததில்லை.

பூர்சாவில் அது தட்டில் வரும். ரொட்டித் துண்டுகளின்மேல் இறைச்சி, தக்காளிச் சாறு, பக்கத்தில் தயிர், கடைசியில் சூடான வெண்ணெயை ஊற்றுவார்கள். உட்கார்ந்து, பொறுமையாகச் சாப்பிட வேண்டிய பண்டம். பெர்லினில் உள்ளது வேறு. தடித்த தட்டை ரொட்டியில் கால் பங்கை வெட்டி, வாட்டி, பிளந்து, இறைச்சியோடு வெங்காயம், தக்காளி, வெள்ளரி, வெள்ளையும் சிவப்புமாக முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் திணித்துக் கையில் கொடுப்பார்கள். பூண்டு, வாசனைத்தழை, காரம் என்று மூன்று சாறுகள். எது வேண்டும் என்று கேட்பார்கள். சிவப்பு முட்டைக்கோஸ் ஜெர்மன் சமையலறையிலிருந்து ஏறிக்கொண்டது. என் நாக்கைக் கேட்டால் பூர்சாவின் தட்டுக்கே ஓட்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கொட்டும் பனியில் பசித்து நிற்பவனுக்குத் தட்டால் என்ன பயன்?

இப்படி ரொட்டிக்குள் வைத்து விற்கும் வழக்கத்தைப் பெர்லினில் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் காதிர் நூர்மான். 1972, மேற்கு பெர்லின், 'சூ' ரயில் நிலையத்துக்கு எதிரே. அவசரமாக ஓடுகிறவர்கள் கையில் பிடித்துத் தின்னும்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது என்று அவர் பின்னாளில் சொன்னார். ஐரோப்பியத் துருக்கி டோனர் உற்பத்தியாளர் சங்கம் 2011இல் அவரைக் கௌரவித்தது. 2013இல் 80 வயதில் இறந்தார். காப்புரிமை எடுக்கவில்லை, பெரும்பணமும் சேர்க்கவில்லை. 1969, 1971 என்று ஆண்டு சொல்லி உரிமை கோரும் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடலாம். ஒரே சமயத்தில் பல பேருக்கு இந்த யோசனை ஏன் வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது. அதற்கு இரண்டரை மாதம் முன்னர்தான் பெர்லினில் சுவர் எழும்பி, கிழக்கிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோனவர்கள் ஒரே இரவில் நின்றுபோனார்கள். இஸ்தான்புலில் ஜெர்மன் அலுவலகம் திறந்தது. வரிசையில் நிறுத்தி, பல்லைப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, தேறியவர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். மேற்கு பெர்லினின் மின்சாதனத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களையும் நிறையவே எடுத்தார்கள். வந்தவர்களுக்கு 'விருந்தினர் தொழிலாளர்' என்று பெயர். விருந்தினர் இரண்டு ஆண்டில் கிளம்பிவிட வேண்டும் என்பது முதல் ஏற்பாடு. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதிய ஆளுக்கு மறுபடி வேலை கற்றுக்கொடுப்பது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகாததால், 1964இல் அந்த விதி தளர்ந்தது.

1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, ஆள்சேர்ப்பு நின்றது. ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாது என்பதால் பலர் போகாமல் தங்கி, குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். பெர்லினில் அவர்களுக்குக் கிடைத்த வீடுகள் பெரும்பாலும் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில். சுவரை ஒட்டிய மூலை, இடிக்கப்போவதாகச் சொல்லிப் பராமரிக்காமல் விட்ட கட்டடங்கள், குறைந்த வாடகை. அங்கேயும் துருக்கியர் அதிகமாகிவிட்டார்கள் என்று 1975இல் க்ராய்ட்ஸ்பெர்க், வெட்டிங், டீர்கார்ட்டன் மூன்று பகுதிகளிலும் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறத் தடை போட்டது நகர நிர்வாகம்.

தொழிற்சாலையில் வேலை குறைகிறது. கடை வைக்கலாமென்றால் தங்கும் அனுமதியிலேயே 'சுயதொழில் கூடாது' என்ற நிபந்தனை. உறுதியான தங்கும் உரிமை வரும்வரை பலர் ஜெர்மானியர் ஒருவர் பெயரில் உரிமம் எடுத்து, அதற்குப் பணமும் கொடுத்து, பின்னால் நின்று கடை நடத்தினார்கள். டோனர் கடை இவர்களுக்குத் தோதாக அமைந்தது. சிறிய இடம் போதும். ஜன்னல் ஒன்று இருந்தால் தெருவிலேயே வியாபாரம் நடக்கும். சமையல் பட்டம் தேவையில்லை. மனைவி காய் நறுக்குவார், மகன் பள்ளி விட்டு வந்து கல்லாவில் நிற்பான், அப்பா நள்ளிரவு வரை கத்தியோடு நிற்பார். இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. டோனரின் விலையில் இருக்க வேண்டிய ஒரு பெரிய பகுதி இப்படித்தான் தொடக்கத்திலிருந்தே காணாமல் போனது.

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. மேற்கே வந்த கிழக்கு ஜெர்மானியர் ஒவ்வொருவருக்கும் 100 மார்க் வரவேற்புப் பணம் கிடைத்தது. அதில் ஒரு பகுதி டோனர் கடைகளில் செலவானது. அடுத்த ஆண்டுகளில் டோனர் கிழக்கு நகரங்களுக்கெல்லாம் பரவியது. மேற்கு பெர்லினின் ஆலைகள் அதுவரை அரசு மானியத்தால் ஓடியவை. நாடு இணைந்ததும் மானியம் வெட்டப்பட்டது, ஆலைகள் மூடின. முதலில் தெருவுக்கு வந்தவர்களில் துருக்கியத் தொழிலாளர்கள் அதிகம். கையில் கிடைத்த இழப்பீட்டை வைத்து அவர்கள் திறந்தது, வேறென்ன, டோனர் கடை. ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடைகள் முளைத்தன. ஒருவர் அரை மார்க் குறைத்தால் எதிர்க்கடைக்காரரும் குறைத்தாக வேண்டும்.

குறைத்த விலைக்கு இறைச்சியும் குறைந்தது. கடையில் துண்டு துண்டாக அடுக்குவது போய், தொழிற்சாலையில் உறையவைத்த கூம்புகள் வந்தன. ஜெர்மன் உணவு விதிப்படி டோனர் கபாபில் அரைத்த இறைச்சி 60 விழுக்காடு வரை இருக்கலாம். அதைச் சேர்த்துப் பிடித்து நிறுத்த பாஸ்பேட் உப்பு வேண்டும். அந்த உப்பை உறைந்த கூம்புகளில் அனுமதிக்கக்கூடாது என்று 2017 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. தேவைப்பட்ட பெரும்பான்மைக்கு மூன்று வாக்குகள் குறைந்ததால் டோனர் தப்பியது. மாட்டு நோய்ப் பயம் பரவிய 2000–01 காலத்தில் கோழி டோனர் வேரூன்றியதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விலைக்கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. இரவில் வெளிச்சத்தோடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் கடை, வெறுப்போடு வருகிறவனுக்கும் திறந்தே இருக்கும். 2000க்கும் 2007க்கும் இடையில் ஒரு நவநாஜிக் கும்பல் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் காவல்துறைப் பெண். 2004இல் ராஸ்டாக் நகரிலும் 2005இல் நியூரம்பெர்க்கிலும் டோனர் கடைக்குள்ளேயே கொன்றார்கள். பூ வியாபாரி, தையல்காரர், காய்கறிக் கடைக்காரர் என்று பலர் இறந்திருந்தும் பத்திரிகைகள் மொத்தத்துக்கும் 'டோனர் கொலைகள்' என்று பெயர் வைத்தன. போலீஸ் தேடியது துருக்கியக் கடத்தல் கும்பலை. அந்தக் கும்பலைப் பொறிவைத்துப் பிடிக்க பவேரியப் போலீசார் தாங்களே ஒரு டோனர் கடை நடத்தினார்கள்! சரக்குக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தால் யாராவது மிரட்ட வருவார்கள் என்று காத்திருந்தார்கள். பணம் கேட்டுத்தான் வந்தார்கள், மிரட்ட ஒருவரும் வரவில்லை. உண்மை 2011 நவம்பரில்தான் வெளிப்பட்டது. அதுவரை குடும்பங்கள், இழந்தவருக்காக அழுவதற்குப் பதில் விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. 2019 அக்டோபரில் ஹாலே நகரில் யூத ஆலயத்துக்குள் நுழைய முடியாத கொலைகாரன் அடுத்துத் தேடிப்போனது ஒரு டோனர் கடையை. அங்கே மதிய உணவுக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் இறந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால், 2024 ஏப்ரலில் ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மயர் 60 கிலோ டோனர் கூம்பை விமானத்தில் ஏற்றி இஸ்தான்புலுக்குக் கொண்டுபோய், கத்தியோடு புகைப்படத்துக்கு நின்றது கொஞ்சம் உறுத்துகிறது. உடன் சென்ற பெர்லின் கடைக்காரரின் தாத்தா ஆலைத் தொழிலாளியாக வந்தவர். அவரைக் கௌரவிக்கும் எண்ணம் அதிபருக்கு இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் ஜெர்மனியில் வாழும் துருக்கிய வம்சாவளியினரில் பொறியாளர், எழுத்தாளர், மருத்துவர் எத்தனையோ பேர் இருக்க, மீண்டும் அந்தக் கம்பிதானா என்று பலர் எரிச்சலடைந்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

இப்போது சீவும் கத்தி பல இடங்களில் வேறு கைகளுக்கு மாறிவிட்டது. பேரப்பிள்ளைகளில் பலர் கடைக்கு வருவதில்லை. அவர்களுக்கு வேறு வேலைகள் உண்டு. சம்பளமில்லாத மகன் இல்லாத கடையில் ஆளுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியாவது. ஆறு யூரோ, ஏழு யூரோ என்பது அந்தக் கணக்கில் வருவதுதான்.

2025இல் ஸ்டுட்கார்ட் அருகே, டோனர் கூம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிரறையில் நின்று இறைச்சி அடுக்குகிறவர்கள். துருக்கியர், கிழக்கு ஐரோப்பியர் எனப் பல நாட்டுக்காரர்கள். நாட்டில் டோனருக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று செய்திகள் கவலைப்பட்டன. பேச்சு நடந்தது, அந்த ஆலையின் முதல் கூட்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. கூம்பின் விலை இதனால் கொஞ்சம் ஏறலாம். ஏறட்டும்.

வணக்கம்.