எம்.எல்.ஏ. ஆகணுமா? வேட்புமனு மேசையில எங்கெல்லாம் மாட்டுறாங்க

வணக்கம் மக்களே. சட்டமன்றத்துக்கு நிக்கணும்னு நினைக்கிறவங்க பிரசாரம், கூட்டம், போஸ்டர்னு யோசிக்கிறாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி தாண்ட வேண்டியது ஆர்.ஓ. மேசை, அதாவது தேர்தல் நடத்தும் அலுவலர்.

மனு பரிசீலனை நாள்ல வயசு 25 நிறைஞ்சிருக்கணும். தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு தொகுதியில ஓட்டு இருந்தா போதும். ஆனா வேற தொகுதி ஓட்டர்னா, பட்டியல்ல உங்க பேர் இருக்கிற பக்கத்தோட சான்றளிச்ச நகல் கையில இருக்கணும். முன்மொழியுறவங்க மட்டும் நிக்கிற தொகுதிக்காரங்களாவே இருக்கணும்.

அங்கீகரிச்ச கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும். சுயேச்சைக்கு 10 பேர். நிறைய பேர் கவுந்துபோறது இங்கதான். 2017 டிசம்பர்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு நடிகர் விஷால் சுயேச்சையா மனு போட்டாரு. முன்மொழிஞ்ச பத்துப் பேர்ல ரெண்டு பேரோட கையெழுத்து அவங்களோடது இல்லன்னு ஆயிடுச்சு. மனு தள்ளுபடி. மீதி எட்டும் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது. ஒருத்தர் நாலு மனு வரைக்கும் போடலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினா போதும். அதனால சுயேச்சைன்னா ஒவ்வொரு மனுவுக்கும் வேற வேற பத்துப் பேரைப் பிடிங்க. அவங்க உங்க கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடட்டும்.

டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5,000. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினா திரும்பி வரும்.

அடுத்தது படிவம் 26, சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதுற பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க, கோடும் போடாதீங்க. "இல்லை", "பொருந்தாது"ன்னு எழுத்துல எழுதுங்க. ஆர்.ஓ. சுட்டிக்காட்டியும் நிரப்பலன்னா மனுவை நிராகரிக்கலாம்னு 2013லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இவர்தான் எங்க வேட்பாளர்னு கட்சி கொடுக்கிற ஏ, பி ஃபார்ம்ல கட்சிக்காரங்க பாக்க வேண்டியது ஒண்ணு: தலைமையோட கையெழுத்து மையில இருக்கணும். ஜெராக்ஸ், ரப்பர் ஸ்டாம்ப் எடுபடாது. கடைசி நாள் மதியம் 3 மணிக்குள்ள சேர்ந்திடணும். மனுவை முன்மொழிஞ்சவர் கொண்டுபோய்க் கொடுத்தா, வேட்பாளர் உறுதிமொழி எடுக்கிறதை மறந்துடுறாங்க. பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள்ள அதை முடிச்சாகணும்.

செலவுக் கணக்குக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் மனுவுக்கு முந்தின நாளே திறந்திருக்கணும். உச்சவரம்பு 40 லட்சம். ஆர்.ஓ. ஆபீஸ்ல கொடுக்கிற செலவு நோட்டுல வெள்ளைப் பக்கம் தினசரிச் செலவுக்கு, பிங்க் ரொக்கத்துக்கு, மஞ்சள் பேங்குக்கு. மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும். ராத்திரிக்கு ராத்திரி எழுதினாத்தான் முடியும், கடைசியில மொத்தமா உக்காந்தா நிச்சயம் இடிக்கும். ரிசல்ட் வந்த 30 நாளுக்குள்ள கணக்குக் கொடுக்கலன்னா, தக்க காரணமும் இல்லன்னா, 3 வருஷம் தகுதி நீக்கம் வரலாம். தோத்தவங்களுக்கும் இது உண்டு.

ஜெயிச்சவங்க சபையில மறுபடி உறுதிமொழி எடுக்கணும். எடுக்காம உக்காந்தா ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம்.

அப்புறம் கட்சித்தாவல் சட்டம். எப்படி ஓட்டுப் போடணும்னு கட்சிக் கொறடா போடுற உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாத்தான் பதவி போகும்னு பலபேர் நினைக்கிறாங்க. கட்சியைத் தானா விட்டுட்டதா சபாநாயகர் முடிவு பண்ணாலும் போகும். 2017 ஆகஸ்ட்ல அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் அப்போதைய முதல்வர் பழனிசாமிக்கு ஆதரவு இல்லன்னு ஆளுநர்கிட்ட கடிதம் கொடுத்தாங்க. ஒருத்தர் பின்வாங்கிட்டாரு, மீதி 18 பேரையும் செப்டம்பர் 18 அன்னைக்கு சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் பண்ணாரு. உயர் நீதிமன்றத்துல ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு, மூணாவது நீதிபதி 2018 அக்டோபர்ல நீக்கம் செல்லும்னாரு. இடைத்தேர்தல் 2019லதான் வந்துச்சு. அதுவரைக்கும் அந்த 18 தொகுதி மக்களுக்கு கோரிக்கை மனு கொடுக்கக்கூட எம்.எல்.ஏ. கிடையாது.