பிடியை விடக் கற்றல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அடிபடாமல் விழக் கற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசும்படி இந்த நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் வட இங்கிலாந்தில் வசிப்பவன். பதினைந்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வண்டியை ஓட்டி வருகிறேன். சில ஆண்டுகளாக எங்கள் வட்டாரக் கழகத்திற்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தொடக்கப் பாடமும் சொல்லித் தருகிறேன். அந்தப் பாடத்தில் முதல் ஒரு மணி நேரம் வண்டியிலிருந்து இறங்குவதற்கும் விழுவதற்குமே போய்விடும். இன்ஜினைக் கிளப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ட்ரையல்ஸ் என்றால் என்னவென்று அறியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது வேகப் பந்தயம் அன்று. பாறை, ஓடை, சேற்று மேடு, மரவேர் ஆகியவை நிறைந்த குறுகிய தடம் ஒன்றை அடையாளமிட்டு வைத்திருப்பார்கள். அதை, கால் தரையில் படாமல், ஏறத்தாழ நடக்கும் வேகத்தில் கடக்க வேண்டும். கால் ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ தடத்தின் எல்லையைத் தாண்டினாலோ 5 புள்ளி. இவை அனைத்தும் தண்டப் புள்ளிகள் என்பதால், குறைவாக வாங்கியவரே வெற்றி பெறுகிறார். வண்டியின் எடை ஏறத்தாழ 70 கிலோதான். உட்காரும் இருக்கை என்று சொல்லத்தக்க எதுவும் அதில் கிடையாது. ஃபுட்ரெஸ்டில் நின்றபடியேதான் ஓட்ட வேண்டும்.

வேகம் இல்லாத விளையாட்டில் அடி எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். உயரத்திலிருந்தும், மேலே வந்து விழும் வண்டியின் எடையிலிருந்தும் வருகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் தரையைத் தொட்டுவிடும்; தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதுதான் எலும்பின் கதியைத் தீர்மானிக்கிறது. விறைத்து நீட்டிய கை பாறையில் மோதி இரண்டு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அந்தக் கையின் வழியாகப் புவியீர்ப்பைப் போல் ஐம்பது மடங்கு அளவிலான விசை உடலுக்குள் பாய்கிறது. அதே வீழ்ச்சியை முழங்கால் மடிந்து, இடுப்பு மடிந்து, தோள் உருண்டு, நாற்பது சென்டிமீட்டருக்குப் பரப்பிவிட்டால் அது இரண்டரை மடங்காகக் குறைந்துவிடுகிறது. விழும் உயரம் மாறவில்லை, உடலின் எடை மாறவில்லை. நிற்கும் தூரம் மட்டும்தான் மாறுகிறது.

அந்த அரை நொடிக்குள் யோசித்து முடிவெடுக்க எவராலும் இயலாது. கண் பார்த்ததைக் கை உணர்ந்து செயல்படவே அதில் பாதிக்கு அருகில் செலவாகிவிடுகிறது. ஆகையால், விழும்போது என்ன செய்வது என்பதை விழுவதற்கு முன்பே, பல நாள் முன்பே, உடலுக்குப் பழக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பழக்க வேண்டியவற்றுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், நான் உருளுவதைச் சொல்ல மாட்டேன். ஹேண்டில்பாரை விடுவதைத்தான் சொல்வேன்.

இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் அளவுக்கு மீறித் தூக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடல் பின்னால் சாய்கிறது. அச்சத்தில் கைகள் ஹேண்டில்பாரை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்கின்றன. உடல் பின்னே போகப் போக, வலது மணிக்கட்டு தானாகவே கீழே இறங்குகிறது. மணிக்கட்டு இறங்கினால் ஆக்சிலரேட்டர் திறக்கிறது. ஆக்சிலரேட்டர் திறந்தால் வண்டி இன்னும் முன்னே பாய்ந்து, முன்சக்கரம் இன்னும் மேலே எழுகிறது. விழாமல் இருப்பதற்காக எவ்வளவு இறுகப் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகமாக வண்டி நம்மைக் கவிழ்க்கிறது. கடைசியில் முதுகு தரையில் கிடக்க, அதன்மேல் 70 கிலோ வண்டி வந்து விழுகிறது. புதியவர்களின் கடுமையான காயங்களில் நான் நேரில் கண்டவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இதற்கு மாற்று இரண்டு. சரியான நேரத்தில் பின் பிரேக்கை மிதித்தால் எழுந்த முன்சக்கரம் கீழே இறங்கிவிடும். அதற்கு வலது பாதம் எப்போதும் பிரேக் பெடலின்மேல் இருக்க வேண்டும். இடக்கையின் ஆட்காட்டி விரல் எப்போதும் கிளட்ச் லிவரின்மேல் இருக்க வேண்டும். அந்த நேரமும் தவறிவிட்டதென்றால், கிளட்சை அழுத்தி, இரண்டு கைகளையும் விட்டு, இரண்டு கால்களாலும் பின்னோக்கி இறங்கிவிட வேண்டும். வண்டி நம் முன்னே செங்குத்தாக நின்று, பிறகு எந்தப் பக்கமாவது சாயும். அதைப் பிடிக்கப் போகக் கூடாது.

நான் கற்றுக்கொடுக்கும் விதம் இது. ஈரமான புல்தரை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இன்ஜினை நிறுத்தி வைத்த வண்டியில் மாணவரை ஏறி நிற்கச் சொல்கிறேன். ஒருவர் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறார். மாணவர் எதிர்பாராத ஒரு நேரத்தில் நான் "விடு" என்று சொல்வேன். சொன்னவுடன் மாணவர் கைகளை விட்டுப் பின்னால் இறங்கி, இரண்டடி தள்ளி, முழங்கால் மடித்து நிற்க வேண்டும். முதல் பத்து முறையில் ஏறத்தாழ எல்லாரும் ஒரு கையை மட்டும் விடுகிறார்கள். இடக்கை விடுபட்டுவிடுகிறது; ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் வலக்கை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளதிலேயே ஆபத்தான கை அதுதான் என்பதால், அது விடும்வரை அடுத்த பாடத்திற்கு நான் போவதில்லை. அதன் பிறகு பக்கவாட்டில் இறங்கும் பயிற்சி. வாழ்நாள் முழுவதும் மோட்டார் சைக்கிளின் இடப்பக்கமாகவே ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் அந்நியமாக இருக்கும். வண்டியோ பக்கம் பார்த்துச் சாய்வதில்லை. ஆகவே இடப்பக்கம் பத்து முறை இறங்கினால் வலப்பக்கம் இருபது முறை இறங்கச் சொல்கிறேன்.

இங்கே இன்னொரு மனத்தடையையும் சொல்ல வேண்டும். கால் ஊன்றினால் 1 தண்டப் புள்ளி விழுந்துவிடுமே என்ற எண்ணத்தில் புதியவர்கள் கடைசி நொடிவரை காலை மேலேயே வைத்திருக்கிறார்கள். வண்டி பத்து டிகிரி சாய்ந்தபோது ஊன்றிய கால் உடலைத் தாங்கும். நாற்பது டிகிரி சாய்ந்தபோது ஊன்றிய கால், உடலையும் வண்டியையும் சேர்த்துத் தாங்க முடியாமல் முழங்காலில் முறுக்கிக்கொள்ளும். அந்த 1 புள்ளியைத் தவிர்க்கப் போய் 5 புள்ளியும் வாங்கி, ஆறு மாதம் நடக்க முடியாமல் இருந்தவரை எனக்குத் தெரியும். தொடக்க ஆண்டுகளில் தாராளமாகக் காலை ஊன்றுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

உருளும் முறைக்கு வருகிறேன். ஜூடோவில் எதிராளியை வீழ்த்தக் கற்பதற்கு முன்பாகவே விழக் கற்பிக்கிறார்கள். அங்கே அதற்கு உகேமி என்று பெயர். நாம் சிறுவயதில் போட்ட குட்டிக்கரணத்திற்கும் அதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. குட்டிக்கரணத்தில் உச்சந்தலையும் முதுகெலும்பும் நேர்க்கோட்டில் தரையில் படுகின்றன. இதில் கை விளிம்பு, முழங்கையின் புறப்பக்கம், தோள், அங்கிருந்து முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு என்று சாய்வாக உருள வேண்டும். மோவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வாயை மூடி, மூச்சை வெளியே விட வேண்டும். ஜூடோ மெத்தையில் கையால் தரையை ஓங்கி அறைந்து வேகத்தைக் குறைப்பார்கள். பாறை நிலத்தில் அதைச் செய்தால் முழங்கைதான் உடையும், ஆகையால் அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உருளும் பயிற்சியைத் தலைக்கவசம் அணிந்தே செய்வதும் அவசியம். தலையில் கூடுதலாக ஒரு கிலோ இருக்கும்போது கழுத்து வேறு விதமாக நடந்துகொள்கிறது.

பாறையிலிருந்து இறங்கும்போது முன்சக்கரம் பள்ளத்தில் சிக்கி, ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறக்க நேரிடும்போதுதான் இந்த உருளல் கைகொடுக்கிறது. அப்போதும் ஒரு முறை உருண்டவுடன் நின்றுவிடக் கூடாது. வண்டி நமக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். ஒரு பக்கமாக விலகி, இன்னும் இரண்டு புரளல் புரண்டுவிட வேண்டும். சரிவின் குறுக்கே போகும்போது கணக்கு வேறு. பள்ளத்துப் பக்கம் நீட்டிய காலுக்குத் தரை எட்டாது. எனவே முடிந்தவரை மேட்டுப் பக்கம் சாய்ந்து இறங்க வேண்டும்; அது முடியாமல் பள்ளத்துப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியைக் கையால் தள்ளிவிட்டு விலகிக் குதிக்க வேண்டும். வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் கால் மாட்டிக்கொள்வதைவிட மோசமான நிலை இந்த விளையாட்டில் அரிது.

வண்டியைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களே என்று சிலருக்கு மனம் வலிக்கும். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு ஒவ்வொரு மே மாதமும் ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டி நடைபெறுகிறது; அதன் தொடக்கம் 1909 ஆம் ஆண்டு. 1960களின் முற்பகுதியில் சாமி மில்லர் என்ற ட்ரையல்ஸ் வீரர் அங்கே வென்ற 500 சிசி ஏரியல் வண்டி, எவ்வளவோ இழைத்து இழைத்து எடை குறைக்கப்பட்ட பிறகும், நூறு கிலோவுக்கு மேல் இருந்தது. அவரே 1965 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு புல்டாக்கோ என்ற இலகுவான வண்டியில் வென்றதிலிருந்து இந்த விளையாட்டின் வண்டிகள் மெலியத் தொடங்கின. தள்ளிவிட்டு விலகுவது என்னும் உத்தி நம் காலத்தில் எளிதாகக் கைகூடுகிறதென்றால் அதற்கு இந்த எடைக் குறைவும் ஒரு காரணம். உடைந்த கிளட்ச் லிவரை மாற்றப் பத்து நிமிடம் போதும். அந்த லிவரை ஹேண்டில்பாரில் இறுக முடுக்காமல், பலமாகத் தட்டினால் சுழன்று கொடுக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி வைத்தால், பெரும்பாலும் அது உடைவதும் இல்லை.

மணிக்கட்டில் மாட்டும் கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கயிற்றின் மறுமுனையில் உள்ள காந்த மூடி வண்டியிலிருந்து பிரிந்தவுடன் இன்ஜின் நின்றுவிடும். அது இல்லாவிட்டால், கீழே கிடக்கும் வண்டியின் பின்சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும் இடையில் விரல் போனால் திரும்பி வராது. கயிற்றை மாட்டாமல் என் மாணவர் எவரையும் நான் வண்டியில் ஏற விடுவதில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், ஓர் ஓடைக்குள், முழங்கால் உயரம்கூட இல்லாத பாசி பிடித்த கல்லில் சக்கரம் வழுக்கி, இடப்பக்கம் சாய்ந்தேன். கையை நீட்டி ஊன்றினேன். அவ்வளவுதான் நடந்தது. பெருவிரலின் அடியில், விரலை விரித்தால் ஒரு சிறு குழி தெரியுமே, அந்த இடத்தில் மட்டும் வலித்தது. மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மருத்துவர் அந்தக் குழியை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டு, பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். அப்போதுதான் மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு என்னும் சிறிய எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அந்த எலும்பிற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து முன்கையை நோக்கிப் பின்னோக்கியே பாய்கிறது. ஆகையால் முறிவு ஏற்பட்டால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைந்து, ஆறுவதற்கு நெடுநாள் ஆகிறது, சில வேளைகளில் ஆறாமலே போகிறது. எனக்குப் பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு. கீழே விழுந்த பிறகு பெருவிரலின் அடியில் வலி இருந்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லப்பட்டாலும், அதை அலட்சியப்படுத்தாதீர்கள். தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கு வண்டியைத் தொடவே கூடாது. அந்தத் தலைக்கவசத்தையும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் ஒருமுறை நசுங்கிய பிறகு மீண்டும் காக்காது.

போட்டிகளில் ஒவ்வொரு தடத்தையும் ஓட்டுவதற்கு முன்பு எல்லாரும் இறங்கி நடந்து பார்ப்பது வழக்கம். எந்தக் கல்லில் ஏறுவது, எங்கே திரும்புவது என்று பார்ப்பார்கள். என் மாணவர்களை நான் அதே தடத்தில் இரண்டாவது முறையும் நடக்க வைக்கிறேன். அந்த இரண்டாம் நடையில், இந்த இடத்தில் வண்டி நின்றுபோனால் எந்தப் பக்கம் இறங்குவாய் என்று மட்டும் கேட்பேன். கம்பி வேலி எங்கே இருக்கிறது, வெட்டிய மரத்தின் கூரான அடிக்கட்டை எங்கே நிற்கிறது, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் கல் எது, உதவிக்கு நிற்கும் நண்பர் வண்டிக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறாரா என்று அவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம், ஐம்பத்து மூன்று வயதான ஒரு பெண்மணி, எங்கள் பயிற்சித் திடலில் இடுப்பளவு உயரமுள்ள பாறைப்படி ஒன்றில் ஏற முயன்றார். முன்சக்கரம் ஏறிவிட்டது, பின்சக்கரம் வழுக்கியது, வண்டி செங்குத்தாக எழுந்தது. நான் "விடு" என்று கத்துவதற்கு வாயைத் திறக்கும் முன்பே அவர் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, வலப்பக்கமாக இறங்கி, இரண்டடி தள்ளி, முழங்கால் மடித்து நின்றுகொண்டிருந்தார். வண்டி கல்லில் சாய்ந்து உறுமாமல் கிடந்தது. கயிற்றின் காந்த மூடி அவருடைய மணிக்கட்டிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கிளட்ச் லிவரை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடியும் அந்தப் பாறையை நோக்கிப் போனார்.

நன்றி, வணக்கம்.