வேலைக்குப் போனா மாசக் காசு நின்னுருமா?

வணக்கம் எல்லாருக்கும். தலவாக்கலையில காலையிலருந்து மழை, தகரத்துல விழுற சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கங்க, இந்த விஷயத்த இன்னும் தள்ளிப்போட எனக்கு விருப்பமில்ல.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்குற காசு இருக்கு இல்லையா, 2025 பட்ஜெட்ல 7,500லருந்து 10,000 ஆக்குனாங்களே, அதப் பத்தி எனக்கு வர்ற மெசேஜ்ல முக்காவாசி ஒரே கேள்விதான். "அண்ணா, தங்கச்சிய ஒரு எடத்துல வேலைக்குக் கூப்பிடுறாங்க, போனா அந்தக் காச வெட்டிருவாங்களா?"

எங்க மேல் லயத்துல ஒரு அண்ணன் இருக்காரு. கவ்வாத்து மலையில சறுக்கி விழுந்ததுலருந்து காலு ரெண்டும் சரியா வரல. ஆனா ஃபோன் ரிப்பேருன்னா அப்படி ஒரு கை அவருக்கு, சுத்துப்பட்டுத் தோட்டத்துலருந்தெல்லாம் கொண்டு வந்து குடுப்பாங்க. டவுன்ல கடை வச்சிருக்கிற ஒருத்தர் வீட்டுக்கே வந்து, உக்காந்து செய்யிற வேலதான் வாங்கன்னு கூப்பிட்டாரு. அவங்க அம்மா விடல. "அவரு நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டா? இந்தக் காசும் போயிருச்சுன்னா திரும்ப யாருகிட்ட போயி நிக்கிறது?" அப்படின்னாங்க.

அந்த அம்மா சொல்றதுல ஒரு தப்பும் இல்ல. அந்தக் காசு கைக்கு வர்றதுக்கு முன்னால ஜீ.எஸ்.கிட்ட, அதாவது கிராம சேவகர்கிட்ட போகணும், டொக்டர் துண்டு எடுக்கணும், பிரதேச செயலகத்துக்கு பஸ் புடிச்சு போகணும், அதுவும் நடக்க முடியாத ஆளத் தூக்கிக்கிட்டு படி ஏறி இறங்கி. அவ்வளவு பாடுபட்டு வாங்குனத ஒரு புது வேலைய நம்பி யாரு விடுவா? சோம்பேறி, சும்மா காசு வாங்கப் பழகிட்டாங்கன்னு சிலபேர் பேசுறாங்க, அதக் கேக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. வேலை செய்ய ஆசை இல்லாம இல்லங்க. பயம், அவ்வளவுதான். ஒரு சட்டத்தால எடுத்துப் போடக்கூடிய பயம்.

அமெரிக்காவுல இத யோசிச்சு 1999ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, டிக்கெட் டு வேர்க்னு பேரு. உடம்பு முடியாம அரசாங்கக் காசு வாங்குறவங்கள்ல 18 வயசுலருந்து 64 வரைக்கும் உள்ளவங்க, விருப்பம் இருந்தா மட்டும் இந்தத் திட்டத்துல சேரலாம், கட்டாயம் கிடையாது, வேலை தேடிக் குடுக்கிறது பயிற்சி குடுக்கிறது எல்லாம் இலவசம். ஆனா எனக்குப் புடிச்சது அதோட சேர்ந்து இருக்கிற மத்த விதிகள்தான். முன்னால வேலை செஞ்சு சமூகப் பாதுகாப்பு வரி கட்டி, பிறகு உடம்பு முடியாம போயி காசு வாங்குறவங்களுக்கு ஒன்பது மாசம் வேலைய செஞ்சு பாக்க விடுறாங்க. அந்த ஒன்பது மாசமும் எவ்வளவு சம்பாதிச்சாலும் மாசக் காசு முழுசா வரும். ஒன்பதும் தொடர்ச்சியா இருக்கணும்னு இல்ல, அஞ்சு வருஷத்துக்குள்ள விட்டு விட்டும் வரலாம். அதுக்குப் பிறகும் 36 மாசம் கண்ணு வச்சிருப்பாங்க, எந்த மாசம் வருமானம் அவங்க வச்சிருக்கிற எல்லைக்குக் கீழ போகுதோ அந்த மாசக் காசு கிடைக்கும். சம்பளம் கூடி காசு நின்னு போயி, அதுக்கப்புறம் அதே உடம்புப் பிரச்சினையால திரும்ப முடியாம போனா, அஞ்சு வருஷத்துக்குள்ளன்னா புதுசா விண்ணப்பம் போட்டு முதல்லருந்து அலையத் தேவையில்ல, திரும்பத் தாங்கன்னு கேட்டா போதும், அத முடிவு பண்ற வரைக்கும் ஆறு மாசம் வரை தற்காலிகமாவும் குடுப்பாங்க. அங்கயும் அந்த டிக்கெட்ட பாவிக்கிறவங்க கொஞ்சப் பேர்தான், அதையும் சொல்லணும். ஆனா அந்த அம்மா கேட்ட கேள்விக்கு பதில் அங்க சட்டத்துல எழுதியே இருக்கு.

நம்மகிட்ட ஒண்ணுமே இல்லன்னும் நினைக்காதீங்க. 1988ல வந்த பொது நிர்வாக சுற்றறிக்கை, 27/88னு நம்பர், அரசாங்க வேலை வெற்றிடங்கள்ல 3% தகுதி உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குன்னு சொல்லுது. ஓ.எல்., ஏ.எல். பாஸ் பண்ணிட்டு வீட்டுலயே இருக்கிற புள்ளைங்க எத்தனை பேரு நம்ம தோட்டங்கள்ல, விண்ணப்பம் போடும்போது இந்த நம்பரையும் எழுதுங்க. சமூக சேவைகள் திணைக்களத்தோட தொழிற்பயிற்சி நிலையம் கண்டிப் பக்கம் வத்தேகமயில இருக்கு, சீதுவையிலயும் இருக்கு. போறதுக்கு முன்னால தமிழ்ல படிப்பிக்கிறாங்களா, தங்க எடம் இருக்கான்னு கேட்டுக்கங்க. சுயதொழில் உதவியும் இருக்கு, பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரத்தான் பாக்கணும். அதுல ஒரு சின்ன விஷயம், எல்லாருக்கும் தையல் மெஷின், கோழிக்குஞ்சுன்னு கேக்காதீங்க. அந்த ஃபோன் ரிப்பேர் அண்ணனுக்கு எதுக்குங்க கோழி? உங்களுக்கு எது கைவரும்னு நீங்களே சொல்லுங்க, அதுக்கு என்ன சாமான் வேணும்னு எழுதிக் குடுங்க.

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். வாயால கேட்டா ஒவ்வொரு ஐயா ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க, நாளைக்கு நான் அப்படி சொல்லலன்னும் சொல்லலாம். அதனால எழுத்துல கேளுங்க. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, பிரதேச செயலகத்துல தகவல் அலுவலர்னு ஒருத்தர் இருப்பாரு, தமிழ்லயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தகவல் தருவாங்களா இல்லையான்னு முடிவு சொல்லணும். இப்படி எழுதுங்க: "மாற்றுத்திறனாளி கொடுப்பனவு பெறும் ஒருவர் வேலைக்குச் சென்றால் எவ்வளவு வருமானம் வரை கொடுப்பனவு தொடரும்? அது நிறுத்தப்பட்டு, பின்னர் வேலையை இழந்தால் மீண்டும் பெறுவது எப்படி? இதற்குரிய சுற்றறிக்கையின் பிரதி ஒன்று தேவை." அந்தப் பிரதிய மறக்காம கேளுங்க, அது கையில இருந்தாதான் பிறகு யாரும் மாத்திப் பேச முடியாது. குடுத்ததுக்கு ஒரு ரசீதும் வாங்கிக்கங்க. அஸ்வெசும, அதாவது அரசாங்கத்தோட நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம், அதப் பத்தி கேக்க 1924க்கும் ஃபோன் எடுக்கலாம், ஆனா ஃபோன்ல சொன்னத மட்டும் வச்சுக்கிட்டு முடிவெடுக்காதீங்க.

பதில் வந்தவங்க எனக்கு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, உங்க பேரு, ஐ.டி. நம்பர் எல்லாத்தையும் மறைச்சிட்டு எந்தப் பிரதேச செயலகம்னு மட்டும் தெரியிற மாதிரி. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை எங்கருந்து வந்தாலும் சரி, எல்லாத்தையும் ஒண்ணா வச்சு அடுத்த வீடியோவுல வாசிக்கிறேன்.